தலங்கம குளக்கரையில் இரண்டு பழைய பைனாகுலர்கள்

14 வருசமாக என் கழுத்தில் தொங்குவது கார்ல் ஸைஸ் யேனாவின் 8×30 ஜெனோப்டெம். கப்பலில் வேலை செய்த பெரியப்பா 1982இல் கிழக்கு ஜேர்மனியில் வாங்கியது. மற்றது ரஷ்யத் தயாரிப்பு 7×50. பொரளையில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் எடுத்து 9 வருசம். பறவை பார்க்க, கொழும்பைச் சுற்றியுள்ள தலங்கம, பெத்தகான, அத்திடிய ஈரநிலங்கள் என்று இரண்டையும் மாறி மாறிக் கொண்டு திரிந்திருக்கிறேன்.

முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். மங்கிய வெளிச்சத்தில், கணக்குப்படி 7×50தான் வெல்ல வேண்டும். 50ஐ 7ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 7 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். 8×30இல் அது 3.75 மட்டுமே. ஆனால் 50 வயது தாண்டினால் பெரும்பாலானோருக்குக் கண்மணி இருட்டிலும் 5 மில்லிமீற்றர் அளவுக்குத்தான் விரியும். மிச்ச வெளிச்சம் கண்ணுக்குள் போகாது. எனக்கு 56. ஒரு கிலோ அளவு பாரத்தைச் சுமந்தும் நான் எதிர்பார்த்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. வெள்ளைக் கொக்கும் அதில் லேசான மஞ்சளாகத்தான் தெரியும்.

ஜெனோப்டெம் வேறு மாதிரி. 1000 மீற்றரில் 150 மீற்றர் அகலம் காட்டும். பறக்கும் மீன்கொத்தியைத் தேடி அலைய வேண்டியதில்லை. முன் கண்ணாடிகள் நம் கண்களைவிட விலகி நிற்பதால் தூர வித்தியாசம் நன்றாக விளங்கும். ஸைஸ் 1894இலேயே கொண்டுவந்த அமைப்பு இது. ஒருநாள் காலை நீலத் தாழைக்கோழி ஒன்று தண்டைப் பிடுங்கி, ஒரு காலால் கைபோல ஏந்தி, அலகால் தோலை உரித்து உள்ளிருந்த வெள்ளைக் குருத்தைத் தின்றது. அதற்கு முன்னால் இரண்டு புல், பின்னால் தாமரை இலை, அதற்கும் அப்பால் அசையாமல் ஒரு செந்நாரை. ஒவ்வொன்றும் தன் தன் தூரத்தில் நின்றது. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகவே மனமில்லாமல் நின்றேன்.

ஆனால் ஜெனோப்டெமில் மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு முழு வட்டமும் தெரியாது. மழையும் ஆகாது.

கொழும்பில் பெரிய பிரச்சினை ஈரலிப்பு. தோல் உறையோடு அலுமாரியில் வைத்தது நான் செய்த பிழை. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை ரோர்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே ஒளியைத் திருப்பும் பட்டகக் கண்ணாடியில் சிலந்தி நூல்போலப் பூஞ்சணம். திருத்தக் கொடுத்தேன், துப்புரவாகத்தான் வந்தது, ஆனால் இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. 10 நிமிடத்தில் தலையிடி. இன்னொருவரிடம் கொடுத்துத்தான் நேராக்கினேன். இப்போது காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். பழையது வாங்கப் போகிறவர்கள் ரோர்ச் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். தூரத்து விளக்குக் கம்பம் இரண்டாகத் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவென்றாலும் விட்டுவிடுங்கள்.

7×50ஐ மகளிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்கு 19. போன கிழமை பொழுதுபடும் நேரம் குளக்கரை மரத்தில் இராக்கொக்கு ஒன்று நின்றது. நான் அதே 7×50இல் பார்த்தேன், கறுப்பு உருவம் மட்டும். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, “கண் சிவப்பு, அப்பா” என்றாள்.