ஷோரூமில் பேரமா, எழுத்தில் விலைப்புள்ளியா?

கார் வாங்கச் செல்லும் பலர் அரை நாள் காத்திருந்தும் இறுதி விலை தெரியாமலே திரும்புகிறார்கள். நேரில் பேரம் பேசுவதா, பல டீலர்களிடம் எழுத்தில் விலைப்புள்ளி பெற்று ஒப்பிடுவதா என்ற தயக்கம் அங்கிருந்தே தொடங்குகிறது.

விலைத் தெளிவு
நேரில்: பேச்சு பெரும்பாலும் மாதத் தவணையை நோக்கித் திருப்பப்படுகிறது. ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில், 60 மாதக் கடனுக்கு மொத்த வட்டி அசலில் ஏறத்தாழ 25 விழுக்காடாகும். அதையே 84 மாதமாக நீட்டினால் மாதத் தவணை குறைந்தாலும் மொத்த வட்டி அசலில் 35 விழுக்காட்டை எட்டிவிடும். வாங்குபவரின் களைப்பைப் பயன்படுத்திக்கொள்ளும் இம்முறை எனக்குச் சிறிதும் ஏற்புடையதன்று.
எழுத்தில்: வரி, பதிவு, காப்பீடு, துணைக்கருவிகள், கையாளும் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிடக் கேட்டால், தேவையற்ற சேர்க்கைகள் உடனே கண்ணில் படும்.

நேரம்
நேரில்: "மேலாளரிடம் கேட்டு வருகிறேன்" என்ற காத்திருப்பு நீளும்.
எழுத்தில்: சிலர் பதில் தரமாட்டார்கள், தருபவர்களை அமைதியாக ஒப்பிடலாம்.

வண்டியை அறிதல்
நேரில்: இருக்கை வசதி, பார்வைப் பரப்பு, பிரேக்கின் உணர்வு ஆகியவற்றை ஓட்டிப் பார்த்தே அறிய முடியும்.
எழுத்தில்: இது இயலாது.

எந்த மாடல் என்று முடிவு செய்யாதவர்கள், முன்பணம் எதுவும் கட்டாமல், ஓட்டிப் பார்ப்பதற்காக மட்டும் ஷோரூமுக்குச் செல்லலாம். பழைய காரை மாற்றிக் கொடுப்பவர்களுக்கும் நேரில் செல்வது பெரும்பாலும் தேவைப்படும். ஆயினும் அதன் மதிப்பைப் புதிய காரின் விலையோடு கலக்காமல் தனியே பேச வேண்டும். மாடலை முடிவு செய்துவிட்டவர்களுக்கு எழுத்து வழியே பொருந்தும்.