பெட்டியில் வந்ததும் வராததும்: பழைய பிக்கப்புக்கு வாங்கிய ஸ்டீயரிங் இணைப்புத் தொகுப்பு

மருமகன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினான். நான் எஞ்சினுக்கு மேல் கவிழ்ந்து கிடந்தேன். முன்சக்கரம் அசையவில்லை. ஸ்டீயரிங் தண்டுகளை இணைக்கும் நடு ஜாயிண்ட் மட்டும் பக்கவாட்டில் துள்ளி, எக்ஸாஸ்ட் குழாயில் 'டங்' என்று இடித்து நின்றது. "மாமா, திரும்புகிறதா?" என்று மேலிருந்து குரல் வந்தது. திரும்பத்தான் செய்தது, திரும்ப வேண்டியதைத் தவிர மற்றதெல்லாம்.

வண்டி 1956ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-100. பிறக்கும்போது அதன் முன்பக்கத்தில் இருந்தது ஒற்றை இரும்பு அச்சும் பட்டை வில்லும்தான். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து புறப்படும் தண்டு நடுவில் ஒரு மூட்டுகூட இல்லாமல் ஓட்டுநரின் நெஞ்சுக்கு நேரே வந்து முடியும். மோதினால் அது ஈட்டி. அதையெல்லாம் கழற்றிவிட்டு, மஸ்டாங் 2 வகைக் குறுக்குச் சட்டத்தைப் பற்றவைத்து, தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாறினோம். 1974 முதல் 1978 வரை மட்டுமே வந்த சிறிய கார் அது. ஆனால் அதன் முன்பக்க அமைப்பு பழைய வண்டிக்காரர்களுக்குப் பிடித்துப்போய், அதன் நகல்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. சட்டம் மாறியதும், பழைய ஸ்டீயரிங்கைச் சக்கரங்களோடு இணைத்த பிட்மேன் ஆர்ம், டிராக் லிங்க், டை ராட் கம்பிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போகவேண்டியவை ஆகிவிட்டன. புதிய ரேக், அதாவது ஸ்டீயரிங் சுற்றுவதைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றும் பல் வெட்டிய கம்பி, சக்கரங்களின் அச்சுக் கோட்டுக்கு முன்னால் குறுக்காகப் படுத்திருக்கிறது. ஸ்டீயரிங் தண்டோடு சேர வேண்டிய அதன் முனையும் அந்தத் தண்டின் முனையும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

இந்த இரண்டுக்கும் பாலம் போடுவதற்கென்றே தொகுப்பாக விற்கிறார்கள். நான் வாங்கிய நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. குறை சொல்லப்போகிறேன், அவர்கள் பதில் சொல்ல இங்கே இடமில்லை. பெட்டியில் வளைந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டுகளான யுனிவர்சல் ஜாயிண்டுகள் இரண்டு, முக்கால் அங்குலத்தில் 36 பல் வெட்டிய ஒரு நடுத்தண்டு, ரேக்கின் இரு முனைகளையும் நீட்டும் துண்டுகள், ரேக்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பிகளான டை ராடுகளுக்குச் சக்கரப் பக்கத்து முனைகள் இரண்டு, லாக் நட்டுகள், 12 பக்கக் கையேடு ஆகியவை இருந்தன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுகள் லேத்தில் நின்றவன் நான், இரும்பைப் பார்த்தால் கை தானாக வெர்னியரைத் தேடும். ஜாயிண்டுகள் ஊசி பேரிங் வைத்தவை. வைஸில் பிடித்து, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன், முள் அசையவில்லை. ஒவ்வொரு திருகுக்கும் தனி லாக் நட்டு இருந்தது. திருகு உட்காரும் இடத்தில் தண்டில் சிறு குழி போடச் சொல்லிக் கையேடு வற்புறுத்துகிறது. அது சரியான அறிவுரை. வழுவழுப்பான தண்டின் மேல் திருகை எவ்வளவு இறுக்கினாலும் நம்ப முடியாது. டை ராட் முனைகளின் கூம்பில் நீல மை தடவி, சக்கரத் தாங்கியின் துளையில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். மை சுற்றிலும் சீராக ஒட்டியது. கூம்பு பொருந்தாமல் மேல்விளிம்பில் மட்டும் உட்காரும் முனையை நட்டு இறுக்கிப் பிடித்திருப்பதுபோலத் தோன்றும், ஆனால் ஓடஓட ஆடிக்கொண்டே போகும். இந்த ஒரு சோதனையை யாரும் தவறவிட வேண்டாம். மை வாங்கச் சோம்பலாக இருந்தால் உதட்டுச்சாயம்கூடப் போதும்.

இனி அந்த 36 பல். ஒரு பல் தள்ளிப் பொருத்தினால் 10 டிகிரி. மருமகன் அவசரத்தில் நடுத்தண்டின் இரு முனையிலும் இருக்கும் கவைகளை (ஜாயிண்டின் இரு கிளைப் பிடிகளை) ஒன்றுக்கொன்று குறுக்காகப் போட்டுவிட்டான். ஸ்டீயரிங்கைச் சுற்றினால் ஓர் இடத்தில் லேசாகவும் கால் சுற்று தள்ளிக் கனமாகவும் இருந்தது. ரேக்கில் கோளாறு என்று அரை நாள் அதைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட் வளைந்து வேலை செய்யும்போது சீராகச் சுழலாது, ஒரு சுற்றில் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். 30 டிகிரி வளைவில் வேகம் 0.87 மடங்கிலிருந்து 1.15 மடங்கு வரை மாறும். இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் இருந்து, வளைவுகளும் சமமாக இருந்தால், ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டிவிடும். குறுக்காகப் போட்டால் குறையோடு குறை பெருகி 0.75 முதல் 1.33 வரை போகும். கையேட்டில் இதற்கு ஒரு படம் இருக்கிறது, தபால்தலை அளவில். ஒரு பக்கம் முழுவதும் நிறுவனத்தின் வரலாறு இருக்கிறது.

அந்தக் கோளாறு எங்களுடையது. அடுத்ததை அப்படிச் சொல்ல மாட்டேன். எக்ஸாஸ்ட் குழாய்களைப் பொருத்தியதும் நடுத்தண்டு போன வழியில் குழாய் வந்து நின்றது. வழியை மாற்றினால் கீழ் ஜாயிண்டின் வளைவு 38 டிகிரிக்குப் போகிறது. பொதுவாக 30 டிகிரிக்குள் வைப்பது நல்லது, 35க்கு மேல் போகவே கூடாது. ஆகவே மூன்றாவது ஜாயிண்டும் இன்னொரு தண்டும் தனியாக வாங்கினேன். மூன்று ஜாயிண்டுகள் வந்தால் இடையில் ஒரு தண்டையாவது சட்டத்தோடு சேர்த்துத் தாங்க ஒரு பேரிங் வேண்டும். இல்லாவிட்டால் தண்டு சுழலாமல் முழங்கைபோல மடங்கி வெளியே துள்ளும். முதல் பத்தியில் நடந்தது அதுதான். எனக்கு இது தெரியும். பேரிங் வரும்வரை பொறுக்காமல் 'ஒரு தடவை திருப்பிப் பார்ப்போமே' என்று சொன்னதும் நான்தான். ஆனால் தெரியாத ஒருவர் மூன்றாவது ஜாயிண்டை வாங்கும்போது, பேரிங்கும் சேர்த்து வாங்குங்கள் என்று விற்பவர் ஒரு வரி சொல்ல வேண்டாமா? இரண்டையும் பிரித்து விற்பதே எனக்குப் பிடிக்கவில்லை. பேரிங் வந்ததும் ஒரு பல், இரண்டு பல் என்று கவைகளை மாற்றி வைத்து, சுற்று முழுவதும் கனம் ஒரே மாதிரி வரும் இடத்தில் நிறுத்தினோம்.

நட்டு விவகாரம் இதைவிட ஆபத்தானது. தொகுப்பில் வந்த டை ராட் முனைகளும் லாக் நட்டுகளும் 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 18 மரை. என் ரேக்கின் கம்பியோ 14 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். 9/16 அங்குலம் என்பது 14.29 மில்லிமீட்டர், அதன் மரை இடைவெளி 1.41. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முனை கம்பியில் ஏறும், மூன்று சுற்று கையாலேயே போகும், பிறகு இறுகும். 'புது மரை, கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது' என்று நினைத்து ஸ்பேனரை எடுப்பவர் இரண்டு பக்க மரையையும் கிழித்துவிடுவார். கிழிந்த மரையில் டை ராட் நிற்கும், நெடுஞ்சாலையில் ஒரு பள்ளம் வரும்வரை. கையால் போகாத மரையை நான் கருவியால் போகவைப்பதில்லை. மரை அளவி எடுத்துப் பார்த்ததும் விஷயம் புரிந்தது.

கடைசியாக, ரேக்கை நீட்டும் துண்டுகள். பிக்கப்பின் அகலத்துக்காக எங்கள் குறுக்குச் சட்டம் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் அகலப்படுத்தப்பட்டது. சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்ம் சட்டத்தில் பிடிக்கும் இடம் எவ்வளவு வெளியே நகர்ந்ததோ, டை ராடின் உள்மூட்டும் அவ்வளவு வெளியே நகர வேண்டும். அப்போதுதான் சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஆர்மும் டை ராடும் ஒத்துப்போகும். பெட்டியில் இருந்த துண்டுகள் இரண்டு அங்குலம். அரை அங்குலம்தானே என்று தோன்றலாம். வில்லைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் மையமான ஹப்பில் ஒரு பலகையைக் கட்டி, ஜாக்கியால் 25 மில்லிமீட்டர் 25 மில்லிமீட்டராக ஏற்றி இறக்கி அளந்தோம். மேலே 75 போனாலும் கீழே 75 போனாலும் சக்கரத்தின் முன்விளிம்பு உள்பக்கமே திரும்பியது. ஸ்டீயரிங்கைத் தொடாமலே!

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேலும் கீழும் ஒரே பக்கம் திரும்பினால் டை ராடின் நீளத்தில் பிழை. மேலே ஒரு பக்கம், கீழே எதிர்ப்பக்கம் என்றால் ரேக்கின் உயரத்தில் பிழை. ரேக் அச்சுக்கு முன்னால் இருக்கும் எங்கள் அமைப்பில், இரண்டு நிலையிலும் உள்பக்கம் திரும்பியது என்றால் டை ராட் குட்டையாக இருக்கிறது என்று பொருள். உள்மூட்டு தேவைக்கு மேல் வெளியே தள்ளப்பட்டால் டை ராட் குட்டையாகத்தானே ஆகும்? கணக்கு நேராக வந்தது. இந்த நுணுக்கம் கையேட்டில் இல்லை. அது இருந்திருந்தால் அந்த 12 பக்கங்களுக்கே தனியாகக் காசு கொடுத்திருப்பேன்.

துண்டை லேத்தில் போட்டு அரை அங்குலம் குறைக்க எனக்கு 20 நிமிடம் போதும். மருமகன் அதையேதான் கேட்டான். மறுத்துவிட்டேன். எந்த இரும்பு, எப்படிப் பதப்படுத்தியது, உள்மரை எவ்வளவு ஆழம் என்று தெரியாத பொருளை, அதுவும் ஸ்டீயரிங்கில் போகும் பொருளை, வெட்டும் துணிச்சல் எனக்கு வயதாக ஆகக் குறைந்துகொண்டே வருகிறது.

நிறுவனத்துக்கு அளவுகளோடு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. மூன்று வாரத்தில் ஒன்றரை அங்குலத் துண்டுகளும் மெட்ரிக் மரை போட்ட முனைகளும் நட்டுகளும் கூடுதல் கட்டணம் இல்லாமல் வந்தன. நிறுவனத்திலிருந்து பேசிய பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் "உங்கள் சட்டம் அகலப்படுத்தியதா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. பேசுபவருக்குத் தெரிந்த கேள்வி ஆர்டர் படிவத்தில் ஏன் இல்லை? படிவம் கேட்டது வண்டியின் பெயர், ஆண்டு, எஞ்சின். முன்பக்கத்தை அறுத்து மாற்றிய பிறகு வண்டிக்கு ஆண்டு ஏது? பெயரில் எஃப்-100, கீழே மஸ்டாங், ரேக் வேறெங்கோ செய்தது. கேட்க வேண்டியது ரேக் கம்பியின் மரை, ரேக் முனையின் பல் எண்ணிக்கை, சட்டம் அகலப்படுத்திய அளவு, எக்ஸாஸ்ட் போகும் வழி. நான்கே கேள்விகள். கேட்டிருந்தால் என் வண்டி ஒரு மாதம் ஸ்டாண்டின் மேல் நின்றிருக்காது.

புதிய துண்டுகளைப் போட்டபின் மறுபடி அளந்தோம். 75 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கத்தில் சக்கரம் திரும்புவது ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கியது. சாலையில் ஓட்டும்போது மேடு பள்ளத்தில் வண்டி தன் வழியிலேயே போகிறது. பழைய அச்சில் ஓட்டியபோது ஸ்டீயரிங்கில் ஒரு கை அகலத்துக்கு ஆட்டம் இருந்தது, நேராகப் போவதற்கே இரண்டு கையும் வேலை செய்யும். இப்போது அது இல்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். இரும்புக்கு நாலரை, படிவத்துக்கு ஒன்றரை, அந்தப் பெண்ணால் கொஞ்சம் ஏற்றம். வாங்க நினைப்பவர்கள் பெட்டி வருவதற்கு முன்பே எக்ஸாஸ்டைப் பொருத்திவிடுங்கள், மரை அளவி ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். டை ராடின் பள்ளம் வெட்டிய கோட்டை நட்டில், அது கழலாமல் குறுக்கே செருகும் ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. கையேட்டின் 11ஆம் பக்கத்தில் இது பொடி எழுத்தில் இருக்கிறது.

ஒரு வேலை பாக்கி. நேராக ஓடும்போது ஸ்டீயரிங் ஏறக்குறைய 6 டிகிரி வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஒரு பல் மாற்றினால் 10 டிகிரி போய்விடும், இடப்பக்கம் சாயும். இரண்டு டை ராடுகளையும் சம அளவில், ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்து, சரிசெய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மருமகன் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.