தரையிலிருந்து வில்வேட்டை: மடக்குக் கூடாரமா, புதர் மறைவா?

அமெரிக்கக் காடுகளில் வெள்ளைவால் மானையும் காட்டு வான்கோழியையும் மரத்தில் ஏறாமல் தரையிலிருந்தே வில்லால் வேட்டையாட நினைப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது: மடக்கி எடுத்துப் போய், விரித்து உள்ளே உட்காரும் துணிக் கூடாரமா, கிளைகளை அடுக்கி அதன் பின்னால் ஒளியும் புதர் மறைவா?

செலவு: சாதாரணக் கூடாரத்துக்கே 100 டாலருக்கு மேல் ஆகலாம். புதர் மறைவுக்கு விழுந்து கிடக்கும் கிளைகளே போதும்.

அசைவு: இதுதான் முக்கியம். வில்லை இழுக்கும்போது கையும் தோளும் அசையும். வான்கோழியின் கண் அதைத் தவறவிடாது. கூடாரத்துக்குள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, பின்பக்க ஜன்னல்களை மூடிவிட்டால் இருட்டு நம்மை மறைத்துவிடும். புதர் மறைவிலோ, பறவையின் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் போகும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த நொடி வராமலே போகலாம்.

பழக்கம்: அன்று காலை விரித்த கூடாரத்தைக்கூட வான்கோழி பெரும்பாலும் பொருட்படுத்தாது. மான் அப்படியில்லை. சில வாரங்கள் முன்பே வைத்து, தழைகளால் மூடிப் பழக்க வேண்டும்.

வாசனை: மானுக்கு மூக்குதான் காவல். கூடாரம் வாடையை முழுசாக அடைக்காது, அதனால் இரண்டிலும் காற்று மான் பக்கமிருந்து நம்மை நோக்கி வீச வேண்டும்.

சரி, எது யாருக்கு? வசந்தகால வான்கோழிக்கும், பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போதும் கூடாரம். காற்றைப் பார்த்து இடம் மாற்றிக்கொண்டே மானைத் தேடுபவருக்குப் புதர் மறைவு. எதுவானாலும் 20 கஜத்துக்குள் வந்தால் மட்டும் அம்பை விடுங்கள். காயத்தோடு ஓடும் மானைப் பார்க்க மனசு தாங்காது.