விட்னிக்கு பெர்மிட் இல்லையா? லாங்லியா, ஒயிட் மவுண்டனா?

அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவிலேயே உயரமான சிகரம் கலிபோர்னியாவின் மவுண்ட் விட்னி, 4,421 மீட்டர். மே 1 முதல் நவம்பர் 1 வரை ஒரே நாளில் ஏறி இறங்க தினமும் 100 பேருக்கும், இரவு தங்கி ஏற 60 பேருக்கும்தான் அனுமதி. பிப்ரவரியில் விண்ணப்பித்தால் மார்ச் நடுவில் குலுக்கல் முடிவு வரும், பெரும்பாலும் 'இல்லை' என்று. வென்றவர்கள் உறுதிசெய்யாமல் விட்ட தேதிகள் ஏப்ரல் கடைசிவாக்கில் மறுபடி திறக்கும். அதன் பிறகும் ரத்தாகும் இடங்கள் ஒன்றிரண்டாக வந்துகொண்டிருக்கும். வார நாளில் போக முடிந்தவர்கள் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கலாம். அதையே நம்பி விடுப்பு எடுப்பது சரியல்ல.

விட்னிக்குப் போகும் அதே ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து, விட்னியைப் போலவே 14,000 அடிக்கு (சுமார் 4,267 மீட்டர்) மேல், ஒரு நாள் நடைக்கு பெர்மிட்டே கேட்காத சிகரங்கள் இரண்டு இருக்கின்றன: மவுண்ட் லாங்லி, ஒயிட் மவுண்டன் பீக். எது நமக்கு என்பது விட்னியில் எதை விரும்பினோம் என்பதைப் பொறுத்தது.

உயரம்தான் வேண்டும் என்றால் ஒயிட் மவுண்டன். 4,344 மீட்டர், விட்னியைவிட 77 மீட்டர்தான் குறைவு. போக வர ஏறத்தாழ 23 கிலோமீட்டர், முழுக்க பழைய ஜீப் சாலை. வழி தவறவே வாய்ப்பில்லை. எங்கும் கையூன்றி ஏற வேண்டியதில்லை. கலிபோர்னியாவின் 14,000 அடிச் சிகரங்களில் இதுதான் சுலபம் என்பார்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் பலர் பாதியில் திரும்புகிறார்கள்.

காரணம், நடையே 3,560 மீட்டரில் தொடங்குகிறது. நம் ஆனைமுடியைவிட 850 மீட்டருக்கும் மேலே, பூட்டிய கேட் முன்னால் காரை நிறுத்துகிறோம். முந்தின நாள் கடல்மட்டத்தில் தூங்கியவர் நேரே அங்கே வந்து இறங்கினால் முதல் மணி நேரத்திலேயே தலை கனக்கும். அங்கிருந்து 3 கிலோமீட்டரில் பார்க்ராஃப்ட் ஆய்வு நிலையம், அதற்குச் சற்று மேலே ஒரு வானோக்குக் கூடம். அந்த மேட்டில்தான் சிகரம் முதன்முதலாகக் கண்ணில் படும். பெயர்தான் வெள்ளை, உச்சிப்பாறை கருமை. சாலை அதன் மேல் வளைந்து வளைந்து ஏறுவது தெளிவாகத் தெரியும், 'இதோ வந்துவிட்டது' என்று தோன்றும். உண்மையில் இன்னும் 8 கிலோமீட்டர் இருக்கிறது. நடுவில் சாலை 75 மீட்டர் போல இறங்கித்தான் ஏறுகிறது. திரும்பும்போது களைத்த காலோடு அதே 75 மீட்டரை மறுபடி ஏற வேண்டும். நேரக் கணக்கு தப்புவது இங்கேதான்.

வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆளுக்கு 4 லிட்டர் சுமக்க வேண்டும். மரமும் இல்லை, ஒதுங்கப் பாறை இடுக்கும் இல்லை. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடி இறங்கினால் அந்த மொட்டை மேட்டில் உயரமான பொருள் நீங்கள்தான். காலை 5 மணிக்குக் கிளம்பி நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். இன்னொரு தொல்லை சாலை: வழியில் வரும் பழமையான பைன் மரத் தோப்பான ஷுல்மன் தோப்பு வரைக்கும்தான் தார், அதற்கு மேல் 26 கிலோமீட்டர் கூர்மையான சரளைக்கல். டயர் கிழிவது சாதாரணம். முழு அளவு ஸ்பேர் டயர் இருக்கிறதா என்று கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் பிக் பைன் ஊரிலேயே பார்த்துவிடுங்கள். மேலே போன் சிக்னலை நம்ப முடியாது.

விட்னியில் உங்களை இழுத்தது சியரா நெவாடா மலைத்தொடரின் ஏரியும் கணவாயும் நீண்ட நாள் நடையும் என்றால், ஒயிட் மவுண்டன் ஏமாற்றிவிடும். அதற்கு லாங்லி. உயரம் 4,275 மீட்டர். போக வர 35 கிலோமீட்டர் போல, கிட்டத்தட்ட விட்னி அளவே. ஏற்றம் மட்டும் குறைவு: விட்னியில் 1,900 மீட்டர், இங்கே 1,300 சொச்சம். இன்னொரு பொருத்தமும் உண்டு. 1871இல் நிலவியலாளர் கிளாரன்ஸ் கிங் இதைத்தான் விட்னி என்று நினைத்து ஏறினார். தவறு தெரிய வந்தது 1873இல். அவர் திரும்பி வருவதற்குள் மீன்பிடிக்கப் போன, அடிவார ஊரான லோன் பைன்காரர்கள் மூவர் உண்மையான விட்னியில் ஏறிவிட்டிருந்தார்கள்.

லாங்லிக்கு ஹார்ஸ்ஷூ மெடோவிலிருந்து, சுமார் 3,050 மீட்டரில், நடை தொடங்கும். காட்டன்வுட் ஏரிகள் தாண்டி இரு வழிகள். ஓல்டு ஆர்மி கணவாய் சுருக்கம். ஆனால் வடக்குச் சரிவு, ஜூலையிலும் செங்குத்தான பனி கிடக்கலாம். பனிக்கோடாரி பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் நியூ ஆர்மி கணவாய் வழியே போவதுதான் சரி. கணவாய்க்கு முந்தைய ஹை லேக் ஏரியில் தண்ணீரை வடிகட்டி நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இல்லை. கணவாய் தாண்டியதும் கொஞ்சம் இறங்கி, பிறகு மணல் மேடு. சாண் ஏற முழம் சறுக்கும் மணல். நடைக்குச்சி இரண்டும் இங்கே கட்டாயம். பெரிய கற்குவியல்கள் வழி காட்டும். ஏறும்போதே அவ்வப்போது திரும்பிப் பார்த்து அவற்றின் வரிசையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது மணலில் சறுக்கிக்கொண்டு நேர்கீழே ஓடத் தோன்றும். அப்படி ஓடியவர்கள்தான் கணவாயை விட்டு விலகிப்போய், தவறான பக்கம் இறங்கி, மறுபடி ஏறி அவதிப்படுகிறார்கள்.

இரண்டில் எதுவானாலும் முந்தின இரவை மேலே கழிப்பதுதான் பாதி வெற்றி. லாங்லிக்கு ஹார்ஸ்ஷூ மெடோவிலேயே ஓர் இரவு கூடாரம் போடலாம். கரடி உண்டு, சாப்பாடும் பற்பசையும் காரில் அல்ல, அங்குள்ள இரும்புப் பெட்டியில். ஒயிட் மவுண்டனுக்கு 2,600 மீட்டரில் கிராண்ட்வியூ முகாம். தண்ணீர் கொண்டுபோக வேண்டும். இரண்டு இரவு தங்க முடிந்தால் இன்னும் நல்லது. தலைவலியோடு குமட்டலும் தள்ளாட்டமும் சேர்ந்தால் மாத்திரை போட்டு மேலே போகக் கூடாது, உடனே இறங்க வேண்டும்.

முதன்முறை உயரத்துக்குப் போகிறவர், எட்டு மணி நேரத்துக்கு மேல் நடந்து பழகாதவர் ஒயிட் மவுண்டனைத் தேர்ந்தெடுக்கலாம். அடுத்த ஆண்டு மறுபடி குலுக்கலில் பெயர் போடப் போகிறவர் லாங்லிக்குப் போங்கள். விட்னியின் நீளத்துக்குக் கால் தாங்குமா என்பது அங்கே தெரிந்துவிடும். நியூ ஆர்மி கணவாய்க்கு வரும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டதா? வானம் தெளிவாக இருந்தால் லாங்லியை விட்டுவிட்டு, தென்புற முகட்டில் இருக்கும் சர்க் பீக் உச்சிக்குத் திரும்புங்கள். சுமார் 3,930 மீட்டர். கணவாயிலிருந்து இன்னும் 180 மீட்டர் ஏறினால் போதும்.