டாக்டர்களின் தகுதிச் சரிபார்ப்பு: ஏஜென்சியிடம் கொடுப்பதா, நாமே பார்ப்பதா?

மார்த்தாண்டம் பக்கம் எங்களுடையது போன்ற சின்ன மருத்துவமனைகளில் நிரந்தர டாக்டர்கள் சிலர்தான். மயக்க மருந்து, எலும்பு, சிறுநீரகம் எல்லாம் விசிட்டிங். நாகர்கோவிலில் இருந்து வருகிறவர்கள் பாதி, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் இருந்து வருகிறவர்கள் பாதி. இவர்களுடைய பட்டம், பதிவு, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் வெளி ஏஜென்சி சரிபார்க்கட்டுமா, ஆபீஸிலேயே பார்த்துக்கொள்வோமா என்ற பேச்சு வந்தது. நாமே பார்ப்பது என்று முடிவெடுத்தோம். ஆகவே என் சாய்வு தெரிந்ததுதான்.

ஏஜென்சியின் பலம் எல்லாருக்கும் தெரியும். பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்பது, பழைய வேலை இடத்தில் விசாரிப்பது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. பணத்தைக் கட்டினால் அறிக்கை வந்துவிடும்.

ஆனால் அந்த அறிக்கை டாக்டர் சேர்ந்த அன்றைய நிலவரம். வழக்கு அன்றைக்கு வருவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருடம் அவகாசம் இருக்கிறது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் அதற்குப் பிறகும் ஏற்கலாம். டாக்டர் எடுக்கும் இன்டெம்னிட்டி பாலிசியோ (சிகிச்சையில் தவறு என்று நஷ்டஈடு கேட்டால் கைகொடுக்கும் இன்சூரன்ஸ்) வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. சிகிச்சை நடந்த அன்று பாலிசி இருந்தால் மட்டும் போதாது, நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் வரும்போதும் நடப்பில் இருக்க வேண்டும். இடையில் விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால் ரெட்ரோஆக்டிவ் தேதியும், அதாவது எந்த நாள் முதல் செய்த சிகிச்சைக்குப் பாதுகாப்பு உண்டோ அந்த நாளும், புதிதாகத் தொடங்கிவிடும். அதற்கு முன் செய்த ஆபரேஷன்களுக்குப் பாதுகாப்பு கிடையாது. 2023-ல் ஆபரேஷன் செய்தவர் 2024-ல் புதுப்பிக்கவில்லை, 2025-ல் நாகர்கோவில் ஆணையத்தில் இருந்து நோட்டீஸ் வருகிறது என்று வையுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். "அவர் விசிட்டிங்தானே, எங்களுக்கு என்ன" என்ற பதிலும் எடுபடாது. நிரந்தர டாக்டரோ விசிட்டிங்கோ, மருத்துவமனைக்குப் பொறுப்பு உண்டு என்று சவிதா கார்க் வழக்கில் 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டாக்டரை எதிர்தரப்பாகச் சேர்க்கவில்லை என்பதற்காக வழக்கு தள்ளுபடி ஆகாது என்பதும் அதே தீர்ப்புதான்.

அதனால் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதுதான் இதில் முக்கால்வாசி வேலை. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு எக்செல் தாள்: பெயர், மருத்துவக் கவுன்சில் பதிவு எண், பாலிசி முடியும் தேதி, ரெட்ரோஆக்டிவ் தேதி. தேதி நெருங்கினால் ஆபீஸ் அக்கா வாட்ஸ்அப்பில், "சார், பாலிசி இந்த மாசம் முடியுது, புதுக் காப்பி அனுப்புங்க" என்று போட்டுவிடுவார். காப்பி வராவிட்டால் தியேட்டரில் நேரம் ஒதுக்குவதில்லை. சீனியர்கள் முகம் சுளிப்பார்கள்தான். சுளிக்கட்டும்.

எல்லை தாண்டி வருகிறவர்களுடைய பதிவு பெரும்பாலும் கேரளக் கவுன்சிலில் இருக்கும். பழைய சான்றிதழ்களில் திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவக் கவுன்சில் என்ற பெயரே இருக்கும். தமிழ்நாட்டுப் பட்டியலில் பெயர் இல்லை என்று பதற வேண்டாம், அங்கே தேடுங்கள். எம்.எஸ். முடித்தவர் அந்தக் கூடுதல் தகுதியையும் பதிவு செய்திருக்கிறாரா என்று பாருங்கள். இரவு டியூட்டிக்கு வருகிறவர் எந்த மருத்துவமுறை படித்தவர் என்பதும் முக்கியம். ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்த வழக்கில், அதுவே கவனக்குறைவுதான் என்று 1996-ல் தீர்ப்பு வந்தது.

அப்புறம், யார் எந்த ஆபரேஷன் இங்கே செய்யலாம் என்ற பட்டியல். பட்டம் உண்மை என்று ஏஜென்சி சொல்லும். இந்தத் தியேட்டரில் லேப்ராஸ்கோப்பி செய்ய இவரை விடலாமா என்று சொல்லாது. அதை இங்குள்ள சீனியர் டாக்டர்கள்தான் உட்கார்ந்து முடிவு செய்து கையெழுத்துப் போட வேண்டும். மருத்துவமனைகளுக்கான என்.ஏ.பி.எச். (NABH) தரச்சான்று கேட்டுப் போனாலும் இதைக் கேட்பார்கள்.

எங்கள் கோப்பு ஒரு வழக்கில் இன்னும் சோதிக்கப்படவில்லை. ஆணையத்தில் அது எவ்வளவு கைகொடுக்கும் என்று அனுபவத்தில் இருந்து சொல்ல எனக்கு வழியில்லை. நூற்றுக்கணக்கில் டாக்டர்கள் இருக்கும் இடத்தில் எக்செல் தாளும் ஒரு அக்காவும் போதுமா என்பதும் சந்தேகம்தான். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்தவர் வந்தால் நானே அந்த ஒரு பட்டத்தை ஏஜென்சிக்கு அனுப்பிவிடுவேன். ஆள் கணக்கில் கட்டணம் வாங்குகிறவர்களாகப் பாருங்கள், வருட ஒப்பந்தம் நமக்குத் தேவையில்லை.