எண்ணெய்க் கறை படிந்த சுவர்: பழைய ஜின்னிங் ஆலையில் ஒரு காபிக் கடை

என் அம்மா 11 வருஷம் வேலை பார்த்த ஜின்னிங் ஆலை, அதாவது பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்செடுக்கிற ஆலை, இப்போது காபிக் கடை. திருமங்கலத்திலிருந்து டி.கல்லுப்பட்டி போகும் ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவே செங்கல் புகைபோக்கி ஒன்று தனியாக நிற்கும். அதுதான் அடையாளம். கடையின் பெயரை நான் போடவில்லை. நல்லதோடு சேர்த்துக் குறையையும் எழுதப்போகிறேன், நடத்துகிறவர்கள் சின்ன வயசுக்காரர்கள், கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை.

நான் கட்டட சூப்பர்வைசர். அப்பா காரைக் கொத்தனார். அதனால் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் மெனு கார்டுக்கு முன்னால் கூரையைத்தான் பார்ப்பேன். இங்கே கூரையைப் பார்த்ததுமே மனசு நிறைந்துவிட்டது.

கூரையைத் தாங்குகிற முக்கோண இரும்புச் சட்டமான ட்ரஸ்ஸும் மங்களூர் ஓடும் அப்படியே இருக்கின்றன. ஓடுகளை இறக்கி, கழுவி, உடைந்ததை மட்டும் மாற்றி மறுபடி வேய்ந்திருக்கிறார்கள். கல்லாப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ அமைப்பான பேசல் மிஷனின் முத்திரை. அவர்கள் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கியது 1865-ல். அவர்கள் சுட்ட ஓடு இந்தக் கரிசல் காடு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஓட்டுக் கட்டடத்தைக் கடையாக மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஜிப்சம் போர்டு அடித்து, ஃபால்ஸ் சீலிங் போட்டு, ஏசி மாட்டிவிடுவார்கள். இங்கே அப்படிச் செய்யவில்லை. மங்களூர் ஓட்டுக்கு அடியில் தட்டையான சீலிங் ஓடு ஒரு வரிசை பாவியிருக்கிறார்கள். வெயில் மேல் ஓட்டைச் சுட்டாலும் சூடு நேராகக் கீழே இறங்காது, இரண்டு ஓட்டுக்கும் நடுவே உள்ள காற்று அதை வாங்கிக்கொண்டு முகட்டுக்கு ஏறிவிடும். முகட்டில் அந்தக் காலத்தில் பஞ்சுத் தூசி வெளியேற ஒரு தூக்குக் கூரை விட்டிருந்தார்கள். அதை அடைக்காமல் வலை மட்டும் அடித்து வைத்திருக்கிறார்கள். புரட்டாசி மதியம் 2 மணி, வெளியே சுள்ளென்று வெயில். உள்ளே ஏசி கிடையாது, நாலு பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. அம்மா ஒரு தடவைகூட முந்தானையால் விசிறிக்கொள்ளவில்லை.

மாடி மாதிரி ஒரு இரும்புத் தளம் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அதன் வேலைப்பாட்டைப் பார்க்கவே ஒருமுறை போகலாம். தளம் பழைய சுவரில் எங்கேயும் ஊன்றவில்லை. தன் சொந்தத் தூண்களில் நிற்கிறது, சுவருக்கும் அதற்கும் நாலு விரல்கடை இடைவெளி. கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். பழைய அஸ்திவாரம் ஒரு பக்கம் அசைந்தால் புதுத் தளம் அதை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. நாளைக்கே வேண்டாம் என்றால் போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடலாம், சுவரில் ஒரு தழும்பு இருக்காது. பழசோடு சேர்க்கிற புதுசு பொருந்தி இருக்க வேண்டும், ஆனால் புதுசு என்று பார்த்தவுடன் தெரியவும் வேண்டும் என்று பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்காக 1964-ல் எழுதிய சர்வதேச வெனிஸ் சாசனம் சொல்கிறது. இங்கே அது எழுத்துப் பிசகாமல் நடந்திருக்கிறது.

தரை பழைய கடப்பைக் கல். டபுள் ரோலர் ஜின் மெஷின்கள் நின்ற 12 இடங்களிலும் போல்ட் குழிகளோடு கல் உடைந்து கிடந்ததாம். வேறு கல் தேடிப் பதிக்காமல் அந்தச் சதுரங்களில் மட்டும் ரெட் ஆக்சைடு இழைத்திருக்கிறார்கள். மேஜைகள் அந்தச் சிவப்புச் சதுரங்களின் மேல் வரிசையாக நிற்கின்றன. அம்மா வாசலில் இருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டே போய் ஐந்தாவது மேஜையில் உட்கார்ந்தாள். "இதுதான்யா என் மிசினு" என்றாள்.

அந்த மெஷினில் தோல் உருளை சுற்றும். பருத்தியை அள்ளி வாயில் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உருளை பஞ்சைப் பிடித்து இழுக்கும், கத்தி கொட்டையைத் தட்டிவிடும். ஒரு நிமிஷம் கை நின்றால் மேஸ்திரி வந்துவிடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அம்மாவின் புருவம் வெள்ளையாக இருக்கும். எனக்கு அப்போது ஆறு வயசு.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பருத்திப்பால் கிடைக்கிறது, 60 ரூபாய். பருத்தி அரைத்த கட்டடத்தில் பருத்திப்பால் விற்க வேண்டும் என்று தோன்றியதற்கே அவர்களைப் பாராட்ட வேண்டும். கொட்டையை நன்றாக ஆட்டிப் பிழிந்த பால், கருப்பட்டி அளவு, சுக்கு கொஞ்சம் தூக்கல். அம்மா இரண்டாவது டம்ளர் கேட்டாள். காபி பரவாயில்லை. கேக் வகையறாவை நாங்கள் தொடவில்லை.

இனி சுவர்.

நுழைந்தவுடன் எல்லோரும் போட்டோ எடுப்பது கிழக்குச் சுவரின் முன்னால்தான். இரண்டடிக் கனம், செக்கச் செவேல் என்று செங்கல் தெரிகிறது, மேலே பளபளவென்று நிறமில்லாத வார்னிஷ் மாதிரி ஒரு கிளியர் கோட். மேனேஜர் தம்பியிடம் கேட்டேன். "மேல காரை பூசியிருந்துச்சு சார். அதை ஃபுல்லா தட்டி எடுத்துட்டு, சிமெண்ட்ல பாயிண்டிங் பண்ணி, கோட் அடிச்சோம். செங்கல் எடுப்பா தெரியுதுல்ல?" என்றார். பாயிண்டிங் என்றால் செங்கல்லுக்கு நடுவே உள்ள இணைப்புகளை நிரப்பிப் பூசுவது.

எடுப்பாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தச் சுவருக்கு அது ஆகாது. எங்கள் மேஜைக்குப் பின்னால் தரையோரமாகக் குங்குமம் கொட்டின மாதிரி சிவப்பு மாவு கிடந்தது. குனிந்து நகத்தால் லேசாகக் கீறினேன். கோட் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து கையோடு வந்தது. உட்புறம் முழுக்க வெள்ளை உப்பு. உப்புக்குப் பின்னால் செங்கல் அரை அங்குலத்துக்கு மாவாகப் போயிருந்தது, விரலை வைத்தால் உதிர்கிறது.

அந்தக் காலத்து நாட்டுச் செங்கல் மெத்தென்று இருக்கும், தண்ணீரை உறிஞ்சும். வெயிலிலும் மழையிலும் அம்மணமாக நிற்பதற்காக அதைச் சுடவில்லை. மேலே சுண்ணாம்புக் காரை பூசுவார்கள் என்று நம்பித்தான் கட்டினார்கள். கரிசல் மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரம் அடியிலிருந்து சுவரில் ஏறும். காரை இருந்தால் ஈரம் அதன் வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும், உப்பு பூத்தால் காரைதான் உதிரும். உதிர்ந்த இடத்தில் மறுபடி பூசிக்கொள்ளலாம். இப்போது காரை இல்லை. வாயை கோட் அடைத்துவிட்டது, இணைப்பை சிமெண்ட் அடைத்துவிட்டது. ஈரம் போக வழியில்லாமல் செங்கல்லுக்குள்ளேயே நின்று, உப்பாக உறைந்து, அதைப் பிளக்கிறது. போதாததற்கு வெளியே பார்க்கிங்குக்காகச் சுவரை ஒட்டிக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். மண்ணிலிருந்து ஆவியாகிப் போக வேண்டிய ஈரத்துக்கும் இனி சுவரை விட்டால் வேறு வழி கிடையாது. கடை திறந்து ஒரு மழைக்காலம்தான் ஆகிறது. அதற்குள் இந்த நிலை.

அப்பா சுண்ணாம்பை நீற்றி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீர் விட்டு அரைத்து, பூச்சை மட்டமாக்குகிற மணியாசுக் கட்டையால் தேய்த்துத் தேய்த்துப் பூசுவார். "செவுரு வேர்க்கணும்டா" என்பார். 1636-ல் கட்டின நாயக்கர் மகாலின் வழவழப்பும் சுண்ணாம்புச் சாந்தின் வழவழப்புதான். மதுரைக்காரர்களுக்கு இதை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

நான் மேனேஜரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா சுவரோரமாக நடந்துபோய் எதையோ தேடினாள். "ஏய்யா, இந்தச் செவுத்துல வரிசையா எண்ணெக் கறை இருக்குமே, அது எங்க?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். மதியச் சோற்று நேரத்தில் பெண்கள் எல்லோரும் அந்தக் கிழக்குச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருவார்களாம். தினமும் எண்ணெய் தேய்த்த தலைகள். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் சாய்ந்து சாய்ந்து, உட்கார்ந்த உயரத்தில், சுவர் நீளத்துக்கும் வட்ட வட்டமாகக் கறை ஏறிவிட்டதாம். எந்தக் கறை யாருடையது என்றுகூடத் தெரியுமாம்.

காரையைத் தட்டி எடுத்தபோது அதுவும் சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கிறது. ஒரே ஒரு இடம் தப்பியது. வடக்கு மூலையில், பழைய சுவிட்ச் போர்டுக்குக் கீழே, மூன்றடி அகலத்துக்குக் காரையைத் தட்டாமல் விட்டிருந்தார்கள். அம்மா அங்கே குனிந்து உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். தேங்காய் உடைத்த மூடி அளவுக்கு இரண்டு வட்டம், பழுப்பேறி, மெழுகு மாதிரி.

இந்த ஒன்றுதான் எனக்குத் தாங்கவில்லை. மெஷின் நின்ற இடத்தைச் சிவப்புச் சதுரமாக ஞாபகம் வைத்த கைகள்தான் பெண்கள் சாய்ந்த சுவரை அழுக்கு என்று நினைத்துத் தட்டியிருக்கின்றன. மதுரை மில் அதிகாரிகளின் கிளப்புக்காக 1970-களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிக்கொடுத்தது கோச்சடையில் இன்று ஹோட்டலாக நிற்கிறது. அருமையான வேலை, நானே இரண்டு முறை பார்க்கப் போயிருக்கிறேன். அதற்குப் படம் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, புத்தகங்களில் பெயர் இருக்கிறது. பருத்தி அள்ளிப்போட்ட பெண்கள் இங்கே இருந்தார்கள் என்பதற்கு அந்தக் காரையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

வேறு இரண்டு குறைகளும் உண்டு. ஆள் நிறைந்தால் சத்தம் எதிரொலிக்கிறது, மூன்றடி தள்ளி இருப்பவர் பேசுவது கேட்காது. மாடித் தளத்துக்கு அடியில் சுங்குடித் துணியை இழுத்துக் கட்டினாலே பாதி அடங்கும். வாசல் படி உயரம், முட்டி வலிக்காரர்களுக்குக் கஷ்டம். பார்க்கிங் பக்கம் சாய்வுப் பாதை இருக்கிறது, ஆனால் ஒரு போர்டு இல்லை. நாங்கள் திரும்பும்போதுதான் பார்த்தோம்.

குறைகளைச் சொன்னபோது அந்தத் தம்பி முகம் சுளிக்கவில்லை. கோட்டை உரித்து, சிமெண்ட் பாயிண்டிங்கைப் பைய உளியால் எடுத்து, தரையிலிருந்து நாலடிக்காவது சுண்ணாம்புக் காரை பூசச் சொன்னேன். வெளியே சுவரை ஒட்டி இரண்டடிக்குக் கான்கிரீட்டை வெட்டிச் சரளை போடச் சொன்னேன். முதலில் சுவரில் ஒரு பகுதியில் மட்டும் செய்து பார்க்கிறோம் என்றார். வடக்கு மூலைக் காரைக்குக் கண்ணாடி போடலாமா என்று கேட்டார். வேண்டாம், அதற்கும் காற்று வேண்டும், பக்கத்தில் நாற்காலி மட்டும் போடாமல் இருங்கள் என்றேன். அய்ப்பசி மழை முடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கிளம்பும்போது அவர் அம்மாவிடம் வந்து, "பாட்டிம்மா, அந்த இடத்துல உங்க பேரை எழுதி வைக்கட்டுமா?" என்றார்.

"என் பேரு மட்டும் எதுக்குய்யா? நாப்பது பேரு இருந்தோம்" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்றபடியே ஒவ்வொரு பெயராக, எந்த ஊர், எந்த மிசினு என்று சொல்ல ஆரம்பித்தாள். அவர் போனில் டைப் செய்துகொண்டே இருந்தார். 17 பெயர் வந்தது. மிச்சத்தை ராத்திரி யோசித்துச் சொல்கிறேன் என்று அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டாள்.