தினமும் ஓடும் சைக்கிளுக்கு எந்த ஹப், எந்தச் சக்கரம்? பினாங்கில் என் அனுபவம்

ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குச் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் இல்லை. அதனாலோ என்னவோ, பார்க்கிற சைக்கிள்காரர்கள் எல்லாம் நிறுத்தி விசாரிக்கிறார்கள். "என்ன வீல் போட்டிருக்கீங்க, எப்படி இத்தனை வருஷம் தாங்குது?" சுருக்கமான பதில் இது: ஷிமானோ டியோர் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), ஸ்போக்குக்கு 36 ஓட்டை, இரட்டைச் சுவர் அலுமினிய ரிம் (வெளி வளையம்), துருப்பிடிக்காத எஃகு ஸ்போக் (கம்பி), அதை ரிம்மில் பிடித்து இறுக்கும் பித்தளை நிப்பிள். 2016-இல் கையால் கட்டியது. ஹப் இரண்டும் இன்றைக்கும் அதேதான். பின் ரிம் மட்டும் ஒரு தடவை மாறியிருக்கிறது.

நீளமான பதிலுக்கு முதலில் பாதையைச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் எழுதுகிறவர்கள் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பைப் பற்றிப் புலம்புவார்கள். நமக்கு அந்த உப்பு கடலிலிருந்தே இலவசமாக வருகிறது. துன் டாக்டர் லிம் சோங் யூ நெடுஞ்சாலையை ஒட்டிய பாதையில் காற்று அடிக்கும் நாளில் கண்ணாடியைத் துடைத்தால் விரலில் பிசுபிசுக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கொட்டும். மேம்பாட்டு வேலை எப்போதும் எங்கேயாவது நடக்கும், லாரி சிந்திய மணல் மழைத்தண்ணீரில் கரைந்து பிரேக்குக்கும் ரிம்முக்கும் நடுவில் வந்து உட்காரும். சாக்கடை மூடி, பள்ளம், ஒட்டுப்போட்ட தார். பின்னால் பையில் மடிக்கணினி, சாப்பாடு, மழைக்கோட்டு. என் எடையும் சேர்த்தால் பின் சக்கரத்துக்கு நல்ல சுமை. ஒரு வழிக்குப் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும்.

சைக்கிளோடு வந்த பின் சக்கரம் ஃப்ரீவீல் வகை. அதன் ஆக்சில் (அச்சு) ஒருநாள் முறிந்தது. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, அந்த அமைப்பிலேயே பலவீனம் இருக்கிறது. ஃப்ரீவீலில் பல் சக்கரக் கொத்து முழுவதும் ஹப்பின் மேல் மரையில் திருகி உட்காரும். வலப்பக்கத்துப் பேரிங் அந்தக் கொத்துக்கும் உள்ளே தள்ளி இருப்பதால், பேரிங்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ஆக்சில் தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். கியர் ஐந்திலிருந்து ஏழாகக் கூடியபோது அந்த நீளமும் கூடியது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அந்த இடம் கொஞ்சம் வளைந்து நிமிரும், கடைசியில் முறியும். கேசட் என்று சொல்லும் தனிக் கொத்தை நுழைத்து மாட்டும் ஃப்ரீஹப்பில் வலப்பக்கப் பேரிங் கொத்தின் வெளி ஓரத்துக்கே வந்துவிடுவதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. ஷிமானோ இதை 1978-இல் கொண்டுவந்தது. இத்தனை வருஷம் கழித்தும் மலிவான சைக்கிள்களில் ஃப்ரீவீல்தான் வருகிறது. சுமையோடு தினமும் ஓட்டப் போகிறவர் சைக்கிள் வாங்கும்போது பெயின்டைப் பார்ப்பதற்கு முன்னால் "பின்னால் கேசட்டா, ஃப்ரீவீலா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது பேரிங். டியோர் ஹப்பில் கப்-கோன் அமைப்பு, அதாவது ஹப்பில் உள்ள கிண்ணத்துக்கும் (கப்) ஆக்சிலில் திருகும் கூம்புக்கும் (கோன்) நடுவில் குண்டுகள் ஓடும்: முன்னால் பக்கத்துக்குப் பத்து சின்னக் குண்டுகள், பின்னால் பக்கத்துக்கு ஒன்பது பெரிய குண்டுகள். இதற்கு எதிர்க்கட்சி கார்ட்ரிட்ஜ் பேரிங். மொத்தமாக அடைத்த பேரிங்கை ஹப்பில் அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். ஆட்டம் வந்தால் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டியதுதான். இரண்டு கட்சிக்கும் தீவிர ரசிகர்கள் உண்டு, அந்தச் சண்டைக்குள் நான் போக மாட்டேன். என் கேள்வி ஒன்றே ஒன்று: கெட்டுப்போனால் இந்தத் தீவிலேயே, ஒரு சனிக்கிழமை மதியத்துக்குள், சரிசெய்ய முடியுமா?

கப்-கோனுக்கு முடியும். முன்பக்கத்துக்கு 13 மி.மீ., பின்பக்கத்துக்கு 15 மி.மீ. கோன் ஸ்பேனர், லாக்நட்டுக்கு 17 மி.மீ. ஸ்பேனர், ஒரு டப்பா கிரீஸ், ஒரு பொட்டலம் குண்டு இருந்தால் போதும். ஒரு பலவீனமும் இருக்கிறது. கோனை மாற்றலாம், ஹப்போடு அழுத்தி வைத்த கப்பை மாற்ற முடியாது. ஆட்டத்தோடு மாதக்கணக்கில் ஓட்டினால் கப்பில் குழி விழும், அதோடு ஹப்பின் கதை முடிந்தது. கார்ட்ரிட்ஜில் அந்தப் பயம் இல்லை. 6902, 6001 போன்ற எண்ணுள்ள பேரிங் என்றால் அது சைக்கிள் கடைச் சரக்கே இல்லை, தொழிற்சாலைகளுக்குப் பேரிங் விற்கும் கடையில் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். ஆக, கார்ட்ரிட்ஜ் ஹப் வாங்கினாலும் தவறில்லை, உள்ளே பொது அளவுப் பேரிங்தானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தனக்கென்று ஒரு அளவு வைத்திருக்கும் ஹப் எவ்வளவு பளபளத்தாலும் என் சைக்கிளுக்கு வேண்டாம்.

2017 நவம்பர் வெள்ளத்தை பினாங்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நின்ற சைக்கிள்கள் எல்லாம் இரவு முழுக்கச் சேற்றுத் தண்ணீரில் கிடந்தன. தண்ணீர் வடிந்தபின் என் ஹப்பைத் திறந்தால் கிரீஸ் தே தாரே (பால் தேநீர்) நிறத்தில் கலங்கியிருந்தது. குண்டுகளைக் கழித்துவிட்டு, மண்ணெண்ணெயில் கப்பைக் கழுவி, புதுக் குண்டும் கிரீஸும் போட்டு மூடினேன். அப்போது காப்பாற்றிய கப்தான் இன்னும் ஓடுகிறது. பக்கத்து வீட்டுத் தம்பியின் சைக்கிளில் கார்ட்ரிட்ஜ். அவன் துணியால் துடைத்துவிட்டு ஓட்டினான், சீக்கிரத்திலேயே சக்கரம் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. ரப்பர் மூடி தெளிக்கும் மழையைத் தடுக்கும், ராத்திரி பூராவும் முழுகிக் கிடப்பதை அது தாங்காது. பேரிங்கை மாற்றியதும் அவன் சக்கரமும் சரியாகிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு நான் போடுவது படகு எஞ்சினுக்குப் போடும், தண்ணீர் தாங்கும் கிரீஸ். மீன்பிடிப் படகுச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும், சைக்கிள் கிரீஸ் என்று சின்ன டப்பாவில் விற்பதை விட மலிவு. மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை திறந்து பார்ப்பேன். அப்புறம், மோட்டார் கழுவும் இடத்தில் கொடுத்து அழுத்தத் தண்ணீரால் ஹப்பை நேராக அடிக்க விடாதீர்கள். மழையால் முடியாததை அந்தக் குழாய் ஒரு நிமிஷத்தில் செய்துவிடும்.

கோனை இறுக்குவதில் ஒரு நுணுக்கம். குவிக் ரிலீஸ் போட்ட சக்கரத்தில், கையில் இருக்கும்போது துளியும் ஆட்டம் இல்லாமல் இறுக்கினால், ஃபிரேமில் மாட்டி நெம்பியை அழுத்தியதும் ஆக்சில் நூலளவு அமுங்கி, பேரிங் அளவுக்கு மீறி இறுகிவிடும். கையில் மிகக் கொஞ்சம் ஆட்டம் விட வேண்டும். மாட்டி இறுக்கியதும் அது மறைந்துவிட்டால் சரி. நன்றாக ஓடுகிற ஹப்கள் பல சீக்கிரம் கெடுவது இந்த இடத்தில்தான்.

இனி ஸ்போக். ஹப்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், ஆனால் தினசரி ஓட்டத்தில் நம்மை நடுவழியில் நிறுத்துவது ஸ்போக்தான். 35 மி.மீ. டயர் போட்ட 700சி அளவுச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 460 தடவை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு ஸ்போக்கும் தரைப் பக்கம் வரும்போது தளர்ந்து, மேலே போகும்போது மறுபடி இறுகும். இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் பத்து லட்சம் தடவை. கம்பி அறுவது பெரும்பாலும் இந்த ஓயாத ஆட்டத்தில்தான், அதுவும் ஹப்பின் ஓட்டையில் வளைந்து நிற்கும் முழங்கையில். ஒரே பள்ளத்தில் அறுவது குறைவு. நன்றாக இறுகிய கம்பியும் சுமையில் தளரும், ஆனால் முழுக்கத் தொய்யாது. தொளதொளவென்று இருக்கும் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து, ஆடி, முழங்கையில் களைத்துப்போகும். ஆகவே அடிக்கடி ஸ்போக் அறுகிறது என்றால் தடித்த கம்பி வாங்க ஓடாதீர்கள். முதலில் இறுக்கத்தைப் பாருங்கள்.

நான் போட்டது இரண்டு முனையும் 2.0 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. ஆக மெலிந்த கம்பி. மெலிந்தால் பலவீனம் என்று தோன்றும். நடுப்பகுதி மெலிந்திருப்பதால் கம்பி கொஞ்சம் நீண்டு கொடுக்கும், சுமை பக்கத்துக் கம்பிகளுக்கும் பிரியும், முழங்கையின் தடிமன் அப்படியே இருக்கும். நிப்பிளில் அலுமினியம் வேண்டவே வேண்டாம். உப்புக் காற்றில் எஃகுக் கம்பியோடு சேர்ந்த அலுமினிய நிப்பிள் அரித்து ஒட்டிக்கொள்ளும், பிறகு கோட்டம் (சக்கரத்தின் கோணல்) எடுக்கப் போனால் நிப்பிளின் தலை கையோடு வந்துவிடும். பித்தளை போட்டால் கூடும் எடை சில பத்து கிராம். என் சாப்பாட்டு டப்பாவின் மூடியே அதை விடக் கனம்.

சக்கரத்தைக் கட்டியவர் ஜோர்ஜ்டவுனில் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு சீன அங்கிள். ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் சுண்டிப் பார்த்து, சத்தம் ஏறக்குறைய ஒன்றாக வரும்வரை விடமாட்டார். இறுக்கி முடித்ததும், பக்கவாட்டில் இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்து ஓங்கி அழுத்துவார். வளைவில் தங்கியிருக்கும் இழுவிசை அதில் தணியும், நிப்பிளும் ரிம்மில் நன்றாக உட்காரும். 'டிக் டிக்' என்று சத்தம் வரும், மறுபடி கோட்டம் எடுப்பார், மறுபடி அழுத்துவார். இயந்திரத்தில் கட்டி வரும் மலிவுச் சக்கரத்தில் இந்த வேலைக்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. நான் கொடுத்த காசில் அதிகம் உழைத்தது அவர் கூலிதான் என்று தயங்காமல் சொல்வேன். பின் சக்கரத்தில் இதுவரை கம்பி அறுந்ததில்லை. பிரேக் போட்டுப் போட்டு ரிம் தேய்ந்ததைக் காட்டப் போனபோதுகூட முதலில் விரலால் தடவிப் பார்த்து, "போலே பக்காய் லாகி, அண்ணே" என்று திருப்பி அனுப்பினார். இன்னும் கொஞ்ச நாள் ஓடும், அவசரமில்லை என்று. விற்கத் தெரியாத வியாபாரி.

ஆனால் ரிம் தேய்வது விளையாட்டில்லை. ரிம்மை இரு பக்கமும் கவ்வும் வி-பிரேக் போட்ட சைக்கிளில் ரிம்தான் பிரேக்கின் பாதி. மணல் கலந்த மழைத்தண்ணீர் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது. பல ரிம்களில் பிரேக் படும் சுவரில் ஒரு காடியோ சின்னக் குழியோ இருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம்மை மாற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் மெலிந்த சுவர் டயரின் காற்றழுத்தத்திலேயே பிளந்துவிடலாம். குறி இல்லாத ரிம்மில் ஓர் இரும்பு அளவுகோலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் நன்றாகத் தெரிந்தால் சுவர் குழிந்திருக்கிறது. இன்றைக்குப் புதிதாகச் சைக்கிள் வாங்குகிறவர் டிஸ்க் பிரேக் எடுப்பதே மேல். பிரேக் பட்டை தேயும், ரிம் தப்பிக்கும். என் ஃபிரேமில் டிஸ்க் மாட்ட இடமில்லை, அதனால் வி-பிரேக்கோடு குடும்பம் நடத்துகிறேன்.

டயர் 35 மி.மீ.க்குக் கீழே வேண்டாம். சாக்கடை மூடியின் அடியை ரிம்முக்குப் போகாமல் வாங்கிக்கொள்வது டயரின் காற்றுதான்.

ஓடும்போதே விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோ ஹப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982-இல் முன்னே தள்ளப்பட்டதிலிருந்து இங்கே சூரியன் எழுவது ஏழு மணிக்கு மேல்தான். காலை ஷிப்டுக்குப் போகிறவருக்கு வருஷம் முழுக்க இருட்டு. 6 வோல்ட், 3 வாட் டைனமோ முன் சக்கரத்தில் இருந்தால் விளக்கை சார்ஜ் போட மறந்தாலும் கவலையில்லை. உடன் வேலை செய்யும் ஒருவர் வைத்திருக்கிறார், திருப்தியாகத்தான் இருக்கிறார். ஆனால் உள்ளே கம்பிச் சுருளும் காந்தமும் இருப்பதால் கப்-கோன் போல நாமே திறந்து மூடுவது எளிதில்லை, சில மாடல்களில் பேரிங் மாற்ற ஆலைக்கே அனுப்ப வேண்டும். வாங்குவதற்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

உள்கியர் ஹப்பும் நம் ஊருக்குப் புதிதில்லை. தோட்டத்தில் தாத்தாக்கள் ஓட்டிய ராலே சைக்கிள்கள் சிலவற்றில் இருந்த ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர், 1936-இல் வந்த அந்த ஏடபிள்யூ மாடல், மாற்றங்களோடு இன்றும் விற்பனையில் இருக்கிறது. கம்பெனி 2000-இல் தைவானின் சன்ரேஸ் கைக்குப் போனது. கியர் எல்லாம் ஹப்புக்குள்ளேயே அடைந்திருப்பதால் மழையும் மணலும் அவற்றைத் தொடாது. மேடு பள்ளமில்லாத கடலோரப் பாதைக்கு மூன்று கியரே தாராளம். ஆயர் ஈத்தாம் பக்கம் ஏறி இறங்குகிறவர் என்றால் ஷிமானோ நெக்சஸ் எட்டு கியரைப் பார்க்கலாம். பின் டயர் பஞ்சரானால் கியர் கேபிளைக் கழற்றி, நட்டையும் திருக வேண்டும். மழையில் சாலையோரம் நின்று அதைச் செய்ய எனக்குப் பொறுமை கிடையாது. உங்களுக்கு இருந்தால் நல்ல தேர்வுதான்.

கார்பன் சக்கரம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தீவைச் சுற்றிவிட்டுப் பசியாறப் போகும் நண்பர்களிடம் கேளுங்கள், அவர்கள் பசியாறி முடிக்கும்வரை பேசுவார்கள்.

செலவு என்று பார்த்தால், கூலியோடு சேர்த்து இரண்டு சக்கரத்துக்கும் ஆனது சைக்கிள் வாங்கிய விலையில் ஏறக்குறைய பாதி. வீட்டில் அப்போது வாங்கிக் கட்டிக்கொண்டேன். கையில் அவ்வளவு இல்லையென்றால் பின் சக்கரத்தை மட்டும் நல்லதாகக் கட்டுங்கள். சுமையும் மிதியும் அதன் மேல்தான். முன் சக்கரம் சாதாரணமானதாக இருந்தாலும், ஒருமுறை திறந்து கிரீஸ் போட்டு, கம்பியை இறுக்கி வாங்கினால் வருஷக்கணக்கில் ஓடும்.

இப்போது முன் ரிம்மின் காடி மங்க ஆரம்பித்திருக்கிறது. புது ரிம் அதே மாடலோ, உள்ளளவு அதே மாதிரி உள்ள வேறொன்றோ கிடைத்தால் பழைய ஸ்போக்கையே பயன்படுத்தலாம். புது ரிம்மைப் பழையதன் மேல் ஒட்டுநாடாவால் கட்டிவைத்து, கம்பியை ஒவ்வொன்றாக இடம் மாற்றி, நிப்பிளை மட்டும் புதிதாகப் போட்டால் போதும், கோர்வையைப் பிரிக்கவே தேவையில்லை. பின் ரிம்மையும் அங்கிள் அப்படித்தான் மாற்றினார். 36 ஓட்டை ரிம் இப்போதெல்லாம் கடையில் இருப்பதில்லை, எல்லாம் 32 அல்லது 28. கோலாலம்பூரிலிருந்து வரவழைக்கச் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டேன். வந்ததும் மாட்ட வேண்டும், மழைக்காலத்துக்கு முன்னால்.